கப்பல் தங்காத துறைகளும் சாலை ஏறாத மலைகளும்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் தென்கிழக்கில், கிழக்கே அட்லாண்டிக் பெருங்கடலும் மேற்கே அப்பலாச்சியன் மலைத்தொடரும் எல்லைகளாக அமைய, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது வட கரோலினா மாநிலம். இந்தியாவில் குமரி முதல் இமயம் வரை என்று சொல்லப்படுவதைப் போல, அம்மாநிலத்தார் தங்கள் நிலம் முழுவதையும் ஒரே தொடரில் குறிக்க ‘மாண்டியோ முதல் மர்ஃபி வரை’ என்பார்கள். மாண்டியோ கடலோரத் தீவொன்றில் உள்ளது, மர்ஃபி மேற்கு மலைக்கோடியில் உள்ளது, இரண்டுமே சிற்றூர்கள். இவற்றுக்கு இடைப்பட்ட மேட்டுநிலத்துக்கு, மலையடிவாரம் என்று பொருள்படும் பீட்மான்ட் என்பது பெயர். சார்லட், ராலே, டர்ஹம், கிரீன்ஸ்பரோ முதலிய பெருநகரங்களும், வங்கிகளும், பல்கலைக்கழகங்களும், கணினித் துறையில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் வாழும் கேரி, மாரிஸ்வில் போன்ற புறநகர்களும் இந்த நடுப்பகுதியிலேயே குவிந்திருக்கின்றன. பிள்ளைகளைப் பார்க்கக் கேரிக்கு வந்து, அங்குள்ள வேங்கடேசுவரர் கோயிலுக்கும் கடைத்தெருவுக்குமாக மாதங்களைக் கழிக்கும் பெற்றோருக்கு, வார இறுதியில் போய் வருவதற்கென்று சுற்றுலாக் கையேடுகள் ‘அழகிய சிற்றூர்கள்’ என்று நீட்டும் பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் மாநிலத்தின் இரு முனைகளில் இருப்பவையே.

இந்த ஊர்கள் அழகாக இருக்கின்றன என்பதை எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. ஏன் அப்படி இருக்கின்றன என்பதை அவை சொல்வதில்லை. அண்டை மாநிலங்களான வர்ஜீனியாவும் தென் கரோலினாவும் நல்ல துறைமுகங்களால் செல்வம் கொழித்தபோது, வட கரோலினாவின் கடற்கரை பெரிய கப்பல்களை உள்ளே விடவில்லை. அதன் மலைகளோ 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை தொடர்வண்டியை ஏறவிடவில்லை. இருபது ஆண்டுகள் ஒரே உறக்கத்தில் கழித்த ரிப் வான் விங்கிள் என்ற கதைமாந்தனின் பெயரால் அம்மாநிலத்தை அக்காலத்தவர் கேலி செய்ததும் உண்டு. பழைய வீட்டை இடித்துப் புதியது கட்டப் பணம் இல்லாத ஊரில் பழைய வீடு நிற்கும். இன்று பயணிகள் வியந்து படமெடுக்கும் தெருக்களில் பெரும்பாலானவை அவ்வாறு வணிகம் விலகிப்போனதால் தப்பியவை.

கடலோரத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். கரையிலிருந்து விலகி, கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே, ‘வெளிக்கரைகள்’ என்று பொருள்படும் அவுட்டர் பேங்க்ஸ் என்ற மணல்தீவு வரிசை நீள்கிறது. அதற்கும் நிலத்துக்கும் இடையே, பழவேற்காட்டு ஏரியைப் போன்ற, ஆனால் அதைவிடப் பன்மடங்கு பெரிய காயல்கள் விரிகின்றன. அவற்றுள் பாம்லிகோ காயல் நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. 1524ஆம் ஆண்டில் இக்கரையோரமாக வந்த இத்தாலியக் கடலோடி ஜியோவானி வெரட்ஸானோ, மணல்திட்டுக்கு அப்பால் தெரிந்த இந்நீர்ப்பரப்பைப் பசிபிக் பெருங்கடல் என்றே எண்ணினார். பரப்பில் இவ்வளவு பெரிதானாலும் காயலுக்கு ஆழம் இல்லை. மணல்தீவுகளுக்கு இடையே கடல்நீர் புகும் முகத்துவாரங்களோ ஒரு புயலில் திறந்து மறு புயலில் மூடிக்கொள்பவை. வெளியே, வெப்ப நீரோட்டமும் குளிர் நீரோட்டமும் சந்திக்கும் இடத்தில், கடலுக்குள் நீளும் மணல்மேடுகளில் தட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் உடைந்ததால் அக்கடற்பகுதிக்கு ‘அட்லாண்டிக்கின் இடுகாடு’ என்ற பெயரும் ஏற்பட்டது.

இக்காயல்களின் உட்கரையில்தான் மாநிலத்தின் மூத்த ஊர்கள் உள்ளன. 1705இல் முறைப்படி ஊராக அறிவிக்கப்பட்ட பாத், அவற்றுள் முதலாவது. முந்நூறு ஆண்டு கடந்தும் அதன் மக்கள்தொகை சில நூறைத் தாண்டவில்லை. மாநிலத்தில் எஞ்சியுள்ள தேவாலயக் கட்டடங்களுள் பழமையானதாகிய புனித தாமஸ் ஆலயம் 1734இல் அங்கே எழுந்தது. ‘கருந்தாடி’ என்று உலகம் அறிந்த கடற்கொள்ளையன் எட்வர்ட் டீச், 1718இல் ஆளுநர் சார்ல்ஸ் ஈடனிடம் பொதுமன்னிப்புப் பெற்றுச் சில மாதம் குடியிருந்ததும் இவ்வூரில்தான். கொள்ளைநோயும், பழங்குடியான டஸ்கரோரா மக்களுடன் மூண்ட போரும் தொடக்கத்திலேயே ஊரை ஒடுக்கின; பிறகு வணிகம் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள வாஷிங்டன் என்ற வேறோர் ஊருக்கு நகர்ந்தது. இரண்டு மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடக்கூடிய இவ்வூருக்காக மட்டுமே நெடுந்தொலைவு வருவது பயனற்றது. ஈடன்டனுக்குப் போகும் வழியில் இறங்கிப் பார்ப்பதே பொருத்தம்.

ஈடன்டன் வேறு தரத்தது. அதே ஆளுநர் ஈடனின் பெயரைத் தாங்கி, ஆல்பமார்ல் காயலின் கரையில் அமைந்த இவ்வூர், 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சில காலம் குடியேற்ற நாட்டின் தலைமையிடமாகவும் செழித்த துறைமுகமாகவும் விளங்கியது. 1758இல் கட்டிய, கூரைமேல் எண்கோண மாடம் வைத்த கியூப்போலா இல்லமும், 1767ஆம் ஆண்டின் செங்கல் நீதிமன்றமும், அதன் முன்னே காயல்வரை இறங்கிச் செல்லும் புல்வெளியும் அச்செழிப்பின் மிச்சங்கள். 1774 அக்டோபர் 25 அன்று பெனலப்பி பார்க்கர் என்பவரின் முன்முயற்சியில் இவ்வூரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 51 பெண்கள், தேயிலை உள்ளிட்ட பிரித்தானியப் பொருள்களைப் புறக்கணிக்கும் மாகாணப் பேரவைத் தீர்மானத்துக்குத் தம் ஆதரவை எழுதிக் கையெழுத்திட்டு லண்டனுக்கு அனுப்பினார்கள். பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டிய ஆண்கள் முகத்தை மறைத்துக்கொண்டு அதைச் செய்தார்கள். இப்பெண்களோ தங்கள் பெயரையே எழுதிக் கொடுத்தார்கள். லண்டன் இதழ்கள் நகைத்தன, கேலிச்சித்திரம் வரைந்தன. ஊரின் புல்வெளி அருகே, பழைய பீரங்கிக் குழல் ஒன்றின் தலையில் வெண்கலத் தேநீர்க் குடுவை ஒன்றைப் பொருத்தி வைத்து, ஈடன்டன் அதை இன்றுவரை பெருமையாகக் காட்டுகிறது.

அதே தெருக்களில் நடந்த வேறொரு வரலாற்றுக்கு அவ்வளவு எளிதில் சின்னம் வைத்துவிட முடியாது. 1813இல் இவ்வூரில் அடிமையாகப் பிறந்த ஹேரியட் ஜேக்கப்ஸ், தம்மை உடைமையாகக் கொண்ட வீட்டாரின் பாலியல் கொடுமைக்குத் தப்பி, 1835 முதல் ஏறத்தாழ ஏழாண்டுகள் தம் பாட்டி வீட்டின் கூரைக்கடியில், ஒன்பதடி நீளமும் ஏழடி அகலமும், மிக உயர்ந்த இடத்திலும் மூன்றடியே உயரமும் கொண்ட இருட்டுப் பொந்தில், கீழே தம் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டபடி, அவர்களை அழைக்க முடியாமல் ஒளிந்திருந்தார். 1842இல் படகேறி வடக்கே தப்பினார். கறுப்பின மாலுமிகளும் துறைமுகத் தொழிலாளர்களும் அடிமைகளைக் கப்பல்வழி விடுதலைக்கு அனுப்பிய மறைமுகப் பாதைக்கு இத்துறைமுகம் ஒரு வாயிலாக இருந்தது. 1861இல் புனைபெயரில் அவர் வெளியிட்ட தன்வரலாற்றை அறிஞர்கள் நெடுங்காலம் கதை என்றே ஒதுக்கினர். 1980களில் ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர் ஆவணங்களோடு ஒப்பிட்டு அதன் உண்மையை நிறுவிய பிறகே அது அமெரிக்க இலக்கியத்தில் தனக்குரிய இடத்தைப் பெற்றது. கூரைப்பொந்து இருந்த வீடு இப்போது இல்லை. பெரிய வீடுகள் நிற்க, அச்சிறிய வீடு மறைந்துபோனதையும் சேர்த்தே இவ்வூரின் அழகைப் பார்க்க வேண்டும்.

ஈடன்டனின் துறைமுகம் ஓய்ந்ததற்குக் காரணம் இயற்கையும் பொறியியலும் ஒரே பத்தாண்டில் கைகோத்ததுதான். 1795ஆம் ஆண்டுப் புயலில் கடலுக்குச் செல்லும் ரோனோக் முகத்துவாரம் மணலால் தூர்ந்தது. 1805இல் திறந்த டிஸ்மல் சதுப்புக் கால்வாய், இப்பகுதியின் விளைபொருள்களை நேராக வர்ஜீனியாவின் நார்ஃபக் துறைமுகத்துக்கு இழுத்துச் சென்றது. அதன் பிறகு அங்கே நெடுங்காலம் இடித்துக் கட்ட வேண்டிய தேவை எவருக்கும் எழவில்லை.

தெற்கே, திறந்த கடலை ஒட்டியிருப்பது போஃபர்ட். ஆங்கிலத்தில் இதே எழுத்துகளால் எழுதும் தென் கரோலினா ஊரைப் ‘பியூஃபர்ட்’ என்று ஒலிக்க வேண்டும். இவ்விரண்டையும் மாற்றிச் சொல்பவரை இரு ஊராரும் எளிதில் மன்னிப்பதில்லை. 1709இல் தோன்றிய இம்மீனவர் ஊரின் முகப்புத் தெருவில் வெள்ளை மரவீடுகள் இரட்டை அடுக்குத் தாழ்வாரங்களோடு நீரைப் பார்த்து நிற்கின்றன. எதிரே, சில நூறு மீட்டர் தொலைவில், கடல்வாழ் உயிரியலாளரும் எழுத்தாளருமான ரேச்சல் கார்சனின் பெயர் தாங்கிய தீவுக் காப்பகம் உள்ளது. அவர் 1930களில் ஆய்வுக்காக நடந்த மணல்திட்டுகள் இவை. அங்கும் அருகிலுள்ள ஷேக்கல்ஃபர்ட் தீவிலும், எஸ்பானியக் குதிரைகளின் வழிவந்தவை என்று கருதப்படும் குட்டையான குதிரைகள், உப்புச் சதுப்புப் புல்லைத் தின்று, மணலைக் குளம்பால் தோண்டி ஊறும் நன்னீரைக் குடித்து, எவருக்கும் கட்டுப்படாமல் வாழ்கின்றன. கருந்தாடியின் ‘குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச்’ என்ற கப்பல் 1718 ஜூனில் இத்துறையின் வாயிலில் தரைதட்டியது. 1996இல் கண்டெடுத்த அதன் சிதைவிலிருந்து வெளிக்கொண்ட பீரங்கிகளும் மருத்துவக் கருவிகளும் ஊரின் கடலியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கொள்ளையனைக் கொண்டாடும் ஊர், தன்னை நெடுங்காலம் வாழவைத்த மீனைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறது. மென்ஹேடன் என்பது எலும்பும் எண்ணெயும் மிகுந்த, மனிதர் விரும்பி உண்ணாத ஒரு சிறு மீன்; அதைக் காய்ச்சி எண்ணெயும் உரமும் கால்நடைத் தீவனமும் எடுக்கும் ஆலைகள் இக்கரையில் வரிசையாக இருந்தன. பெரும்பாலும் கறுப்பினத்தவரான வலையிழுப்போர், இழுவைக்கு ஏற்ற தாளத்தில் பாடிய தொழிற்பாடல்களுக்கு இசை வரலாற்றில் இடமுண்டு. ஆலைப் புகையின் நாற்றத்தை ஊரார் ‘பணத்தின் வாசனை’ என்று பொறுத்துக்கொண்டார்கள். கடைசி ஆலை 2005இல் மூடியது. நாற்றம் போனதும் நிலத்தின் விலை ஏறியது, உல்லாசப் படகுகள் வந்தன.

இவ்வரிசையில் சென்றடையக் கடினமானதும், அதனாலேயே மிகுதியாகத் தன் இயல்பைக் காத்துக்கொண்டதும் ஓக்ரகோக். பாலம் இல்லாத இத்தீவுக்குக் கார்களையும் ஏற்றிச் செல்லும் படகுகளிலேயே போக வேண்டும். வடக்கே ஹேட்டரஸ் தீவிலிருந்து ஒரு மணி நேரமும், நிலப்பகுதியின் ஸ்வான் குவார்ட்டர், சீடர் ஐலண்ட் ஆகிய துறைகளிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். கோடையில் இந்நெடும் பயணங்களுக்கு முன்பதிவு செய்யாமல் போய் நிற்பது அறிவுடைமை ஆகாது. 1718 நவம்பர் 22 அன்று ராபர்ட் மேனார்ட் என்ற கடற்படை அதிகாரியின் ஆள்கள் கருந்தாடியைக் கொன்று, தலையைக் கொய்து, கப்பல் மூக்கில் தொங்கவிட்டது இத்தீவின் ஓரத்தில்தான். 1823இல் எழுந்த வெள்ளைக் கலங்கரை விளக்கம் இன்றும் எரிகிறது. சிறு கல்லறைத் தோட்டமொன்றில், 1942 மே மாதம் ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்த பெட்ஃபர்ட்ஷயர் என்ற பிரித்தானியக் காவற்கப்பலின் நான்கு மாலுமிகள், பிரித்தானியக் கொடியின் கீழ் கிடக்கிறார்கள்.

ஆனால் ஓக்ரகோக்கில் பார்ப்பதைவிடக் கேட்பதே அரிது. தலைமுறைகளாகத் தனித்து வாழ்ந்த தீவினரின் ஆங்கிலத்தில், ஓதத்தின் ஏற்றத்தைக் குறிக்கும் ‘ஹை டைட்’ என்ற தொடர் ‘ஹொய் டொய்ட்’ என்று ஒலிக்கும். அதைக்கொண்டே அவர்களுக்கு ‘ஹொய் டொய்டர்’ என்று பெயரும் அமைந்தது. இது ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலம் அப்படியே உறைந்துபோனது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதை மொழியியலாளர் ஏற்பதில்லை. அலைக்கழித்துத் துன்புறுத்துவதைக் குறிக்கும் ‘மாமக்’ போன்ற பழஞ்சொற்கள் அங்கே வழங்குவது மெய்யே. அதே தீவில் வெளியூராரை ஏளனமாகச் சுட்டும் ‘டிங்பேட்டர்’ என்ற சொல்லோ 1970களின் தொலைக்காட்சித் தொடர் ஒன்றிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று, இவ்வழக்கைப் பல்லாண்டு ஆராய்ந்த வால்ட் வுல்ஃப்ரமும் அவர் குழுவினரும் காட்டியுள்ளனர். மொழி உறைவதில்லை; தீவில் இருந்தாலும் அது வாங்கிக் கொண்டே இருக்கிறது. வந்து குடியேறும் டிங்பேட்டர்கள் பெருகப் பெருக, இளையோரிடம் அவ்வொலிப்பு தேய்ந்துவருகிறது. 2019 செப்டம்பரில் டோரியன் புயல் காயல்நீரைத் திருப்பி ஊருக்குள் தள்ளியபோது, இதுவரை நீர் ஏறாத வீடுகளிலும் நீர் ஏறியது. அதன் பிறகு பல வீடுகள் தூண்களின் மேல் உயர்ந்திருப்பதைப் பயணிகள் காணலாம்.

கடற்கரைக்குப் புயற்காலம் ஜூன் தொடங்கி நவம்பர் வரை. ஏப்ரல், மே மாதங்கள் பாதுகாப்பானவை. மலைக்கோ இலைகள் நிறம் மாறும் அக்டோபர் உகந்தது. பச்சையம் குறைந்து மஞ்சளும் சிவப்பும் வெளிப்படும் அம்மாற்றம் உயர்ந்த சிகரங்களில் முதலில் தோன்றி வாரத்துக்கு வாரம் கீழே இறங்குவதால், ஒரு வாரம் தவறியவர்கள் சற்றுத் தாழ்ந்த ஊருக்குப் போய் அதைப் பார்க்கலாம். எந்தச் சிற்றூருக்கும் பேருந்தை நம்பிப் புறப்பட முடியாது.

நடுநிலத்தில் குறிப்பிடத்தக்கது சீக்ரோவ். மண் நல்லது, விறகு மலிவு, வணிகப் பாதை அருகில் என்பதால் 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்திலிருந்து வந்த குயவர்கள் இங்கு குடியேறினர். தரையில் பாதி புதைந்த, தாழ்ந்த நீள்சூளையில் பானைகளை அடுக்கி, வெப்பம் உச்சத்தை எட்டும்போது மேல்துளைகள் வழியே உப்பை எறிவார்கள். உப்பின் சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து, ஆரஞ்சுத் தோலைப் போன்ற புள்ளிகளுடைய கண்ணாடிப் பூச்சாகப் படியும். கண்ணாடிக் குப்பிகளும் தகரக் கலங்களும் வந்து, 1908இல் மாநிலம் மதுவிலக்குக்கு வாக்களித்துச் சாராய ஜாடிகளுக்கும் தேவை இல்லாமல் போனபோது, தொழில் அழியும் நிலைக்கு வந்தது. அப்போது ஜாக், ஜூலியானா பஸ்பி என்ற கலைஞர் இணையர் ஜக்டவுன் என்ற பட்டறையை நிறுவி, குயவர்களின் வேலையை நியூயார்க்குக்குக் கொண்டுபோய்க் கலைப்பொருளாக விற்றனர். அடுக்களைப் பாத்திரம் அலமாரிப் பொருளானதில் கைத்திறன் பிழைத்தது; இன்றும் சில நூறு பேரே வாழும் இவ்வூரைச் சுற்றிப் பல பத்துப் பட்டறைகள் இயங்குகின்றன.

மவுன்ட் ஏரியைப் பலரும் பரிந்துரைப்பார்கள். நடிகர் ஆன்டி கிரிஃபித் பிறந்த இவ்வூர், 1960 முதல் 1968 வரை ஒளிபரப்பான அவருடைய தொலைக்காட்சித் தொடரின் கற்பனை ஊரான மேபெர்ரியைப் போலத் தன்னை ஒப்பனை செய்துகொண்டுவிட்டது; இல்லாத ஊரின் காவல்வண்டியில் பயணிகளைச் சுற்றிக்காட்டுகிறார்கள். அத்தொடரைப் பார்த்து வளர்ந்திராத தமிழருக்கு இதில் சுவை குறைவாகவே இருக்கும். அங்கு போவோர், அருகிலுள்ள ஒயிட் பிளெய்ன்ஸ் தேவாலயக் கல்லறைக்குப் போகலாம்: மார்புப் பகுதியில் ஒட்டிப் பிறந்து, ‘சியாமிய இரட்டையர்’ என்ற சொல்லே உருவாகக் காரணமான சாங், எங் பங்கர் சகோதரர்கள், உலகைச் சுற்றிப் பொருளீட்டி, இங்கே நிலம் வாங்கி, அடிமைகளை வைத்து உழுது, உடன்பிறந்த பெண்கள் இருவரை மணந்து, 21 பிள்ளைகளைப் பெற்று, 1874இல் சில மணி நேர இடைவெளியில் இறந்து, அங்கே அடக்கமாயினர்.

மேற்கே போகப் போக நிலம் சட்டென்று எழுகிறது. ஓங்கி நிற்கும் முதல் மலைவரிசைக்கு ‘நீலமுகடு’ என்று பொருள்படும் புளூ ரிட்ஜ் என்று பெயர்; மரங்கள் வெளிவிடும் ஐசோப்ரீன் என்ற ஆவி காற்றோடு வினைபுரிந்து நுண்துகள்களாகி ஒளியைச் சிதறடிப்பதால் அந்த நீலம் தோன்றுகிறது. இம்மலையைத் துளைத்து ஆஷ்வில் நகருக்கு இருப்புப்பாதை போடும் வேலையைச் சிறைக்கைதிகள் செய்தார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்களைச் சிறு குற்றங்களுக்காகப் பிடித்துத் தண்டித்துத் திரட்டிய படை அது. 1879இல் ஸ்வானனோவா சுரங்கம் இரு பக்கமும் கூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அவ்வேலையில் மாண்டனர், பெரும்பாலோர்க்குப் பெயர்ப்பலகை உள்ள கல்லறை இல்லை.

அந்தச் சுரங்கத்தைக் கடந்ததும் வரும் முதல் ஊர் பிளாக் மவுன்டன். ஹிட்லரின் ஆட்சியில் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி மூடிய அதே 1933ஆம் ஆண்டில், இவ்வூரருகே மதிப்பெண்ணும் கட்டாயப் பாடமும் இல்லாத ஒரு கல்லூரி தொடங்கியது. பௌஹவுஸ் ஆசிரியர் யோசஃப் ஆல்பர்ஸும் நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸும் அங்கு வந்து சேர்ந்தனர். இசையமைப்பாளர் ஜான் கேஜ், நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாம் ஆகியோர் கற்பித்தார்கள். கட்டடச் சிந்தனையாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1948இல் மாணவர்களோடு எழுப்ப முயன்ற முதல் பெரிய குவிமாடம் நிமிராமல் படுத்துவிட, அதற்குப் ‘படுத்த குவிமாடம்’ என்று பெயர் வைத்தார்கள். மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து வயலில் உழைத்த அக்கல்லூரி, பணமின்றி 1957இல் மூடியது. ஊரின் தெரு இனிமையானது, ஆனால் பிற மலையூர்த் தெருக்களிலிருந்து வேறுபட்டது அல்ல.

தெற்கேயுள்ள ஹைலண்ட்ஸ் 1875இல் வரைபடத்தில் பிறந்த ஊர். நியூயார்க்கிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கும், சிகாகோவிலிருந்து சவானாவுக்கும் இரண்டு கோடுகளைக் கிழித்து, அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒருநாள் பெருநகரம் எழும் என்று நம்பிய கெல்சி, ஹட்ச்சின்சன் என்ற இருவர், 4,000 அடிக்கு மேற்பட்ட மலையில் நிலம் வாங்கினார்கள். கோடுகள் கூடின, வணிகர்கள் கூடவில்லை. கடும் மழையால் எங்கும் அருவிகளாக உள்ள அவ்விடத்துக்கு வெயிலுக்கு அஞ்சிய செல்வர்களும், அரிய செடிகளையும் பல்லியை ஒத்த சாலமாண்டர் என்ற நீர்நில உயிர்களையும் தேடிய உயிரியலாளர்களுமே வந்தனர்.

டென்னசி எல்லையருகே, பிரெஞ்ச் பிராட் ஆற்றங்கரையில் உள்ள ஹாட் ஸ்பிரிங்ஸ், சில நூறு பேரே வாழும் ஊர். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் நடைபாதை, காட்டிலிருந்து இறங்கி இவ்வூரின் கடைத்தெரு வழியாகவே சென்று மீண்டும் காட்டுக்குள் ஏறுகிறது. மாதக்கணக்காக நடப்பவர்கள் இங்கே துணி துவைத்து, வயிறாரச் சாப்பிட்டு, வெந்நீர் ஊற்றில் காலை நனைத்துச் செல்வார்கள். 1917இல், போரில் அகப்பட்ட ஜெர்மானிய வணிகக் கப்பல்களின் மாலுமிகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை இவ்வூரின் ஆடம்பர விடுதியில் காவலில் வைத்தபோது, அவர்கள் ஆற்றில் மிதந்து வந்த மரங்களையும் கழிவுப் பலகைகளையும் கொண்டு ஆற்றங்கரையில் ஒரு குட்டி ஜெர்மானியச் சிற்றூரையே எழுப்பினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, நாட்டார் பாடல்களைத் தொகுத்துவந்த ஆங்கிலேயர் செசில் ஷார்ப், இவ்வூரில் ஜேன் ஜென்ட்ரி என்ற பெண்மணியிடமிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதிக்கொண்டார். இங்கிலாந்தில் மறைந்துகொண்டிருந்த கதைப்பாடல்கள், கடல் கடந்து வந்து சாலை ஏறாத இம்மலையில் வாய்மொழியாக நிலைத்திருந்தன. 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயலின் மழை இதே மலைகளில் கொட்டியபோது (ஒரு நிலையத்தில் சில நாளில் 30 அங்குலத்துக்கும் மேல்), இவ்வூரின் கடைத்தெருவும், ஆற்றின் மேற்பகுதியில் உள்ள மார்ஷல் என்ற ஊரும் வெள்ளத்தில் மூழ்கின. கிழக்கே சிம்னி ராக் ஊரின் பெரும்பகுதி அடித்துக்கொண்டு போனது. குறுகிய பள்ளத்தாக்கில் ஆற்றோரத்தைத் தவிரத் தட்டை நிலம் கிடையாது என்பதால் ஊர்கள் அங்கே அமைந்தன. வெள்ளமும் அந்த நிலத்தையே தேடி வந்தது.

புகைமலைத் தேசியப் பூங்காவின் வாசலில் உள்ள பிரைசன் சிட்டியை, பழங்குடியான செரோக்கி மக்களின் கதையிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. 1838இல் அமெரிக்க அரசு அம்மக்களை மேற்கே ஓக்லஹோமாவுக்குத் துரத்திய ‘கண்ணீர்ப் பாதையில்’ ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். மலையில் தங்கிவிட்ட சிலரின் வழித்தோன்றல்கள்தாம் அருகிலுள்ள செரோக்கி ஊரில் இன்று தன்னாட்சியோடு வாழ்கிறார்கள். அவ்வூரின் தெருப்பலகைகளில் ஆங்கிலத்தோடு, செக்கோயா என்ற செரோக்கியர் 1821இல் நிறைவுசெய்த எழுத்துகளும் உள்ளன. தமிழின் உயிர்மெய்யைப் போல ஓர் அசைக்கு ஓர் எழுத்து என்பதே அதன் முறை. ஆனால் க, கா, கி என்ற குடும்ப ஒற்றுமை அங்கில்லை, எண்பத்தைந்து எழுத்துகளும் தனித்தனி உருவம் கொண்டவை. இரு ஊர்களுக்கும் நடுவே, தங்கள் தாயூர் என்று அம்மக்கள் போற்றும் கிட்டுவா மேடு உள்ளது. பிறர் உழுது உழுது தாழ்ந்துபோன அம்மேட்டை 1996இல் அவர்கள் விலை கொடுத்தே திரும்பப் பெற வேண்டியிருந்தது. பூங்காவின் உயர்ந்த சிகரத்துக்கு 2024இல் குவோஹி என்ற அவர்களது பழம்பெயர் மீண்டது.

செரோக்கியர் அகன்ற நிலத்தில் குடியேறிய வெள்ளையரும் ஒரு நூற்றாண்டுக்குப் பின் வெளியேற நேர்ந்தது. இரண்டாம் உலகப்போரின்போது அலுமினிய உற்பத்திக்கு மின்சாரம் வேண்டி ஃபான்டானா அணையைக் கட்டியதில், பள்ளத்தாக்கின் ஊர்களும் அவற்றுக்கான ஒரே சாலையும் நீரில் மூழ்கின. அணை ஏரியின் வடகரையில் தங்கிப்போன கல்லறைகளுக்குப் போய்வரப் புதிய சாலை போட்டுத் தருவதாக 1943இல் அரசு ஒப்பந்தம் எழுதியது. பிரைசன் சிட்டியிலிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் சாலையும் ஒரு சுரங்கமும் முடிந்த நிலையில், வெட்டிய பாறையிலிருந்து அமிலம் கசிந்து ஓடைகளைக் கெடுத்ததாலும் செலவாலும் 1970களின் தொடக்கத்தில் வேலை நின்றது. சாலைக்குப் பதிலாக 5.2 கோடி டாலர் தருவதென்று 2010இல் உடன்பாடு ஏற்பட்டு, முழுத்தொகை வந்துசேர 2018 ஆயிற்று. ‘எங்கும் போகாத சாலை’ என்று ஊரார் பெயரிட்ட அவ்வழியில் காரை நிறுத்திவிட்டு இருண்ட சுரங்கத்துக்குள் நடந்தால், மறுமுனையில் தார் முடிந்து ஒற்றையடிப் பாதை காட்டுக்குள் நுழைகிறது. கோடையில் குறித்த ஞாயிறுகளில், பூங்காத் துறையின் படகுகள் அணை ஏரியைக் கடந்து வெளியேறியோரின் குடும்பங்களை மறுகரைக்குக் கொண்டுபோகின்றன. அவர்கள் முன்னோரின் கல்லறைகளில் களை அகற்றி, மண் கூட்டி, பூ வைத்து, சாப்பாட்டுப் பொட்டலங்களை அங்கேயே பிரித்து உண்டு, மாலைப் படகில் திரும்புகிறார்கள்.